மூடி இல்லாத தூக்குவாளி: வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதைகளைப் பதிந்து வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பத்தாவின் குடும்பம் 1942ல் ரங்கூனிலிருந்து நடந்தே இந்தியா வந்த குடும்பம். அப்பத்தாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவர் சொன்னவற்றை 2011ல் பதியத் தொடங்கினேன். அதைக் கேட்ட சொந்தக்காரர்கள், அப்புறம் அவர்களுடைய சிநேகிதர்கள் என்று பலரும், "எங்க வீட்லயும் செய்யணும், எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் செய்தி அனுப்பி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வரலாறு படித்தவன் இல்லை. செய்து, சொதப்பி, கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

எங்கள் குடும்பத்தில் பெரிய ஆள் யாரும் இல்லை. பதிந்து வைக்க என்ன இருக்கிறது?

பெரிய ஆட்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. 1941 டிசம்பர் 23ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டதும், 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனதும், லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடிவந்ததும் புத்தகங்களில் கிடைக்கும். ஆனால் அந்தக் காட்டுவழியில் நடந்தவர்கள் உப்புக்கு என்ன செய்தார்கள்? கைப்பிள்ளைக்காரி எங்கே உட்கார்ந்து பால் கொடுத்தாள்? எதை முதலில் வீசினார்கள், எதைக் கடைசிவரை தூக்கி வந்தார்கள்? இதெல்லாம் நடந்தவர்கள் வாயில்தான் இருக்கிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்த்து வியாபாரம் பேசி முடிக்கும் இடையாளாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 தொடங்கி ஏறத்தாழ 25 ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். துரை யாரைத் திட்டினார், கப்பலில் என்ன வந்தது, எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போனார்கள் என்பதுவரை அதில் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் புரட்டுகிறார்கள். அவருக்குப் பதவி இருந்தது, காகிதம் இருந்தது, எழுதத் தெரிந்தது. உங்கள் வீட்டுக் கிழவிக்கு இந்த மூன்றும் இருந்திருக்காது. எழுதுகிற வேலையை நீங்கள் செய்துவிட்டுப் போங்கள்.

போனை நீட்டி "சொல்லுங்க" என்றால், "என்னத்தச் சொல்ல?" என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். எப்படிப் பேசவைப்பது?

நானும் அங்கேதான் விழுந்தேன். முதல் நாள் நோட்டுப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்து, "அப்பத்தா, பர்மாவுல இருந்து வந்ததைச் சொல்லு" என்றேன். "என்னத்தய்யா சொல்ல? குண்டு போட்டான். நடந்தோம். பாதிப் பேரு செத்தாக. வந்து சேந்தோம்." அவ்வளவுதான். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. என் பதிவு ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், புளி போட்டுப் பித்தளைப் பாத்திரங்களை விளக்கிக்கொண்டிருந்தார். அதில் ஒரு தூக்குவாளி. அதற்கு மூடி கிடையாது. நான் பிறந்ததிலிருந்து அது மூடி இல்லாமல்தான் இருக்கிறது. அரிசிப் பானைக்குள் அளவுக்காகக் கிடக்கும். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், "இதோட மூடி எங்க அப்பத்தா?" என்று.

விளக்குகிற கை நின்றது. "மூடியைக் குடுத்துத்தான உப்பு வாங்கினோம்."

அதற்கப்புறம் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். மந்தாலே வரைக்கும் ரயில், அங்கிருந்து ஆற்றங்கரை, அப்புறம் தம்மு என்கிற ஊர், மலை. அரிசி இருந்தது, உப்பு தீர்ந்துபோனது. உப்பில்லாத கஞ்சியைக் குடிக்க மாட்டேன் என்று தம்பி அழுதது. மலைக்காரர் ஒருவர் பித்தளை மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு இரண்டு கை உப்பு கொடுத்தது. அந்த உப்பை அவருடைய ஆத்தா முந்தானையில் முடிந்துகொண்டு, வியர்வையில் கரையாமல் இருக்க அந்த முனையைக் கையிலேயே பிடித்தபடி நடந்தது. இது எதுவும் முதல் நாள் கேள்விக்கு வரவில்லை.

சம்பவத்தைக் கேட்டால் பெரியவர்கள் பொதுவாக ஊரறிந்த சுருக்கத்தைத்தான் தருவார்கள். பொருளைக் கேட்டால் கதை வரும். வீட்டில் பழசாகக் கிடக்கிற எதையாவது கையில் கொடுங்கள்: உரல், அரிக்கேன் விளக்கு, டிரங்குப் பெட்டி, பாம்படம், பழைய போட்டோ. கை வேலையாக இருக்கும்போது பேசுவது இன்னும் சுலபம். கீரை ஆயும்போது, பூக் கட்டும்போது, வெற்றிலை இடிக்கும்போது கேட்டுப் பாருங்கள். "பேட்டி" என்ற சொல்லை மட்டும் வாயிலேயே எடுக்காதீர்கள். உடனே முதுகை நிமிர்த்தி, மேடைத் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தாத்தாக்கள் குறிப்பாக.

என்ன கேட்கலாம்? கேள்விப் பட்டியல் ஏதும் இருக்கிறதா?

பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ரேஷன் கார்டுக்கு விவரம் எடுக்க வந்தவர் மாதிரி ஆகிவிடும். ஆனால் சில கேள்விகள் எந்த வீட்டிலும் பலன் தருகின்றன.

நெல்லுச்சோறு எந்தெந்த நாளில் பொங்கினீர்கள்? மற்ற நாளில் என்ன? முதல் செருப்பு எத்தனை வயதில்? ஊருக்குக் கரண்டு வந்த அன்று முதல் பல்பு யார் வீட்டில் எரிந்தது? எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தீர்கள், அல்லது யார் உங்கள் தெருவில் அப்படி எடுத்தார்கள்? பிரசவம் பார்த்தது யார், அவருக்குக் கூலி என்ன கொடுத்தார்கள்? யார் வீட்டுக்குள் போய்ச் சாப்பிடலாம், யார் வீட்டில் திண்ணையோடு சரி?

கடைசி இரண்டு கேள்விகளில் சாதி, வேலை, கூலி எல்லாம் தானாக வந்துவிடும். "அந்தக் காலத்தில் சாதிக் கொடுமை இருந்ததா?" என்று நேரடியாகக் கேட்டுப் பாருங்கள், "அதெல்லாம் நம்ம ஊருல கிடையாது, தாயா புள்ளையா இருந்தோம்" என்று சொல்லிவிடுவார்கள். அதே வாய் அடுத்த அரை மணியில், டீக்கடையில் யாருக்குக் கண்ணாடி கிளாஸ், யாருக்குக் கொட்டாங்குச்சி என்பதைச் சர்வ சாதாரணமாகச் சொல்லும்.

இன்னொரு நல்ல வழி, அவர் வளர்ந்த வீட்டை வரையச் சொல்வது. வரைய வராது என்றால் தரையில் விரலால் காட்டட்டும். வாசல் எங்கே, மாடு எங்கே, தூரமான (மாதவிலக்கான) பெண்கள் எங்கே இருந்தார்கள், தாத்தா எங்கே படுத்தார். நடந்து காட்டுவதுபோலச் சொல்லிக்கொண்டே போவார்கள்.

அளவுகளை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். படி, மரக்கால், வீசை, பலம், அணா, தம்பிடி என்று அவர் சொன்னால் அதுதான். 1957 ஏப்ரலில் நயா பைசா வரும் வரைக்கும் ரூபாய்க்குப் பதினாறு அணா. "ஒண்ணரை அணா கூலி" என்பதை நீங்கள் பைசாக் கணக்காக மாற்றி எழுதினால் காலமே காணாமல் போய்விடும். வேண்டுமானால் பக்கத்தில் குறிப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

வருஷம் கேட்டால் தெரியவில்லை. பிறந்த தேதியே தெரியாது என்கிறார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினாலும் ரொம்ப நம்பிவிடாதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போது தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று வாத்தியாரே ஒரு தேதியைப் போட்ட காலம் அது. ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் அந்தத் தலைமுறையில் அத்தனை பேர் இருப்பதற்குக் காரணம் நட்சத்திரம் அல்ல, பள்ளிக்கூடம் திறந்ததுதான்.

வருஷத்தைக் கேட்காமல், ஊரே மறக்காத நிகழ்ச்சிக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயல் 1964 டிசம்பர் 22 இரவு. அரியலூர் ரயில் விபத்து 1956 நவம்பர். இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965 தொடக்கம். எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி. அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. "அண்ணா செத்தப்போ உங்க அப்பன் வயித்துல" என்ற ஒரு வாக்கியம் போதும், கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் ஊருக்கென்று ஒரு வெள்ளம், ஒரு தேர் விபத்து, குளம் உடைந்த வருஷம் இருக்கும். அவற்றைத் தனியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் ஊரில் எல்லாருடைய வயதையும் கண்டுபிடிக்கலாம்.

தமிழ் வருஷப் பெயர் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பிவரும் என்பதால் குழப்பம் குறைவு. தாது வருஷம் என்றால் 1876, 1936, 1996 ஆகிய மூன்றில் ஒன்று. பஞ்சம் என்ற சொல் கூடவே வந்தால் 1876ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம், அதாவது அவர் தன் பாட்டியிடம் கேட்ட கதையைச் சொல்கிறார் என்று அர்த்தம். என் அப்பத்தா "மாசியில கிளம்பி, சித்திரை கழிச்சு ஊரு வந்தோம்" என்றார். பார்த்தால், கிளம்பியது விஷு வருஷம், வந்து சேர்ந்தது சித்திரபானு. வருஷப் பிறப்பை வழியில் எங்கோ ஒரு முகாமில் கழித்திருக்கிறார்கள். அதை அவரிடம் சொன்னபோது, "அன்னிக்கும் கஞ்சிதேன்" என்றார்.

நினைவு தப்பாக இருந்தால்? ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்களே?

தூக்குவாளி மூடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கஞ்சிக்கு அழுத அந்தத் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, 2013ல் என்னிடம் சொன்னது வேறு: "மூடி ஆத்துல விழுந்து போச்சு. பரிசல்ல ஏறும்போது நான்தேன் தட்டிவிட்டேன். அதுக்கு ஆத்தா என்னை அடிச்சாக." அவருக்கு அப்போது நாலு வயது. யாரை நம்புவது?

இரண்டையும் பதிந்துகொள்ளுங்கள், யாரையும் திருத்தாதீர்கள். அக்காவின் நினைவில் அது ஆத்தாவின் சாமர்த்தியமாக நிற்கிறது; தம்பியின் நினைவில் தன் குற்றமாக நிற்கிறது. மூடி எங்கே போனது என்பதைவிட, நடந்த அந்த இரண்டு மாதத்தை ஒவ்வொரு பிள்ளையும் எப்படிச் சுமந்தது என்பதை இது காட்டுகிறது.

இத்தாலியில் ஒரு பேர்போன உதாரணம் உண்டு. தெர்னி என்ற எஃகு ஆலை ஊரில் 1949 மார்ச்சில் நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் லூயிஜி திரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி போலீஸ் சுட்டு இறந்தார். அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி என்ற வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் பல வருஷம் கழித்துப் போய்க் கேட்டால், பலரும் அந்தச் சாவை 1953ல், ஆலையில் ஆயிரக்கணக்கானவர்களை வேலையை விட்டு அனுப்பியபோது நடந்ததாகச் சொன்னார்கள். ஞாபகப் பிசகு என்று அவர் தள்ளிவிடவில்லை. அந்த ஊருக்குப் பெரிய வலி வேலை போனதுதான். தங்கள் பிள்ளையின் சாவை அந்த வலியோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள் என்று எழுதினார்.

அதற்காக எதையும் சரிபார்க்கவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. சரிபார்த்தால் சில நேரம் கிழவிகளே ஜெயிப்பார்கள். என் அப்பத்தா "மணிப்பூர் ரோட்டுல ரயிலேறினோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ரோட்டில் எப்படி ரயிலேறுவது என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பிறகு பழைய வரைபடம் ஒன்றில் பார்த்தால், திமாப்பூர் ரயில் நிலையத்துக்கு அன்றைய பெயரே "மணிப்பூர் ரோடு". "தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரங்க சோறும் தேத்தண்ணியும் குடுத்தாக" என்றதையும் கற்பனை என்றுதான் நினைத்தேன். அஸ்ஸாம் எல்லையில் அகதிகளுக்கு முகாம் போட்டு நடத்தியதில் தேயிலைத் தோட்ட முதலாளிகளின் சங்கத்துக்குப் பெரிய பங்கு இருந்தது என்று அப்புறம் படித்தேன். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வழி, இந்தியர்களுக்கு ஒரு வழி என்று பிரித்து அனுப்பினார்கள் என்ற புகாரும் அப்போதே காங்கிரஸ் தலைவர்கள் எழுப்பியதுதான். அப்பத்தா அதையும் சொன்னார், கோபமே இல்லாமல்: "அவுகளுக்கு வேற பாதை."

பாட்டி தாத்தாவின் பெயரைச் சொல்ல மறுக்கிறார். தவிர, வீட்டில் ஆளுக்கு ஆள் ஒரே பெயர்!

புருஷன் பெயரைச் சொல்லாத தலைமுறை. "அவுக", "உங்க தாத்தா", "மூத்தவன் அப்பா" என்றுதான் வரும். கட்டாயப்படுத்த வேண்டாம், பக்கத்தில் ஒரு பேத்தியை உட்காரவைத்தால் அவள் சொல்லிவிடுவாள். மாமனார் பெயரும், சில வீடுகளில் அந்தப் பெயருள்ள சாமியின் பெயரும்கூட வாயில் வராது என்பதை நினைவில் வையுங்கள். முருகனை "குன்னக்குடியாரு" என்று அப்பத்தா சொன்னது பக்தியால் மட்டும் என்று பல வருஷம் நினைத்திருந்தேன்.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வீட்டில் நாலு தலைமுறைக்கு இரண்டே பெயர்தான் சுற்றும். "ரங்கூன் தாத்தா", "மாட்டுத் தரகு தாத்தா", "ஒத்தக்கண்ணு தாத்தா" என்று வீட்டில் கூப்பிட்ட பெயரையே அடையாளமாகப் போடுங்கள்.

வம்சாவளி எழுதும்போது ஒரு விஷயம். நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான வம்சாவளிகள் ஆண் வழியாகவே இறங்கி, பெண்களை "மனைவி" என்று ஒரு பெட்டிக்குள் அடைத்துவிடும். பாட்டியிடம் அவருடைய அம்மா பெயர், அம்மாவின் அம்மா பெயர், அவர்கள் பிறந்த ஊர் என்று கேளுங்கள். மூன்று நாலு படி மேலே போய்விடுவார். எந்தப் பட்டாவிலும் இல்லாத பெயர்கள் அவை.

வெட்கப்படக்கூடிய விஷயங்கள், சொத்துச் சண்டை, ஓடிப்போன கதை வந்தால் என்ன செய்வது?

வரும். பதிவை நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். நிறுத்திய மாதிரி காட்டிக்கொண்டு ஓடவிடுவது துரோகம். "இது நான் இருக்கிறவரைக்கும் வெளிய வரக்கூடாது" என்று சொன்னால் அதை அந்தக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். பத்து வருஷம் கழித்து நீங்களே மறந்துவிடுவீர்கள்.

உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றிய கதை என்றால் சொன்னவர் அனுமதி மட்டும் போதாது, சம்பந்தப்பட்டவரையும் கேட்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முழுப் பதிவைப் போடுவதை நான் விட்டுவிட்டேன். ஒருமுறை நகை பிரித்த கதையில் மூன்று நிமிஷத்தைப் போட்டு, இரண்டு சித்தப்பாக்கள் எட்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

சில விஷயங்களைச் சொல்லாமல் தாண்டிப்போவார்கள். வழியில் இறந்துபோன கைக்குழந்தை ஒன்று எங்கள் குடும்பத்தில் இருந்தது என்று எனக்கு வேறு ஒருவர் வழியாகத் தெரியும். அப்பத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

பேசியதை எழுதும்போது பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா?

அவர் பேசியபடியே. "வந்தாக", "போனாக", "அம்புட்டுத்தேன்" எல்லாம் இருக்கட்டும். "அவர்கள் சென்றனர்" என்று மாற்றினால் அது உங்கள் பாட்டி இல்லை, பாடப்புத்தகம். புரியாத சொல்லுக்குப் பக்கத்தில் பொருள் போடுங்கள். பர்மாக் குடும்பங்களின் பேச்சில் அங்கத்திச் சொல் கலந்திருக்கும். இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களிடம் லயம் (தோட்டத்து வரிசை வீடு), கங்காணி (வேலையாட்களை மேய்க்கிறவர்), பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), துண்டு (கடன் சீட்டு) என்று வரும். அந்தச் சொற்களே ஒரு ஆவணம்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முழுக்க எழுத நேரமில்லை என்றால், எத்தனையாவது நிமிஷத்தில் என்ன பேச்சு வருகிறது என்று ஒரு பொருளடக்கமாவது போடுங்கள். போனில் இருக்கும் தானியங்கி எழுத்துக் கருவிகள் வட்டார வழக்கைக் கேட்டால் திணறுகின்றன. என் அப்பத்தாவின் "ஆத்தா" ஒவ்வொரு முறையும் "ஆட்டா" ஆனது.

என்ன கருவி வேண்டும்?

கையில் இருக்கும் போன் போதும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் முக்கியமான இடத்தில் லோன் வேண்டுமா என்று யாராவது கூப்பிடுவார்கள். மின்விசிறியை நிறுத்த முடியாது, வெயிலில் பெரியவர்கள் பாவம்; போனைச் சொல்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு துண்டின் மேல் வையுங்கள். ஆரம்பத்தில் தேதி, இடம், யார் பேசுகிறார் என்று உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். அன்றைக்கே இரண்டு வேறு இடங்களில் நகல் எடுங்கள். என் முதல் மூன்று பதிவுகள் தொலைந்துபோன ஒரு போனோடு போயின. "புது ரெக்கார்டிங் 7" என்ற பெயரை யாராலும் பத்து வருஷம் கழித்துத் தேட முடியாது. "2011-05-அப்பத்தா-உப்பு" என்று வையுங்கள்.

பழைய காகிதங்களும் போட்டோக்களும் இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது?

எல்லாரும் பத்திரத்தையும் பட்டாவையும் பீரோவில் பூட்டிவிட்டு மொய் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறார்கள். எனக்கு நேர்மாறாகச் செய்யத் தோன்றும். 1960களின் கல்யாண மொய் நோட்டு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், ஆள் பெயர், தொகை. எந்த ஊரோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது, யார் 101 எழுதும் நிலையில் இருந்தார், யார் 2 ரூபாய், யார் அரைப்படி அரிசி. தாய்மாமன் எந்த வரிசையில் வந்தார். எந்தச் சாதிக்காரர் கல்யாணத்துக்கு வந்தார், எந்தப் பெயர் ஒரு வருஷத்துக்கப்புறம் காணவே இல்லை. ஒரு கிராமத்தின் உறவுக் கணக்கு மொத்தமும் நாற்பது பக்கத்தில் இருக்கும்.

பாத்திரங்களைக் கவிழ்த்துப் பாருங்கள். சீராகக் கொடுத்த பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள், கொடுத்தவர் பெயர், சில நேரம் தேதியோடு. எங்கள் தூக்குவாளியின் அடியில் இரண்டு தலைப்பெழுத்தும் "ரெங்கூன்" என்ற சொல்லும் இருக்கின்றன. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து 'ரெ' பாதி மறைந்துவிட்டது. விளக்குவதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள்.

கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, இன்லண்ட் லெட்டர், மணியார்டர் கூப்பன், அகதி முகாம் அட்டை, இலங்கையிலிருந்து 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி வந்தவர்களிடம் இருக்கும் குடும்ப அட்டை, எதையும் தூக்கிப்போடாதீர்கள். முக்கியமாக லேமினேட் செய்யாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை மறுபடி காகிதத்தைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. போட்டோவின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சிலால், ஓரத்தில் எழுதுங்கள். ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள், ஊரும் காலமும் அதில்தான் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

குடும்பமே சூழ உட்கார்ந்திருக்க, நடுவில் ஒருவர் மட்டும் சாய்ந்து கண்மூடியிருக்கும் படம் கிடைத்தால் பயந்துவிடாதீர்கள். இறந்தவரை உட்காரவைத்துக் கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. பலருக்கு வாழ்நாளில் இருக்கும் ஒரே படம் அதுதான்.

பெரியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். இனி என்ன?

அவர்களிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அடுத்த தலைமுறையில் மூத்த பெண் பிள்ளையைப் பிடியுங்கள். அம்மாவோடு அடுப்படியில் இருந்தவள் அவள்தான். அப்புறம் உங்களையே பதிந்துகொள்ளுங்கள். உங்கள் 1980களும் யாருக்கோ பழங்கதைதான். தெருவே கூடி ஒரே டிவியில் படம் பார்த்ததையும், டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருந்ததையும் உங்கள் பேரனுக்கு விளக்கத்தான் வேண்டியிருக்கும்.

பதிந்ததை எங்காவது கொடுக்கலாமா?

எதையும் அசலாகக் கொடுக்கும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், யார் பார்க்கலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய அச்சு நூல்கள், பத்திரிகைகள், துண்டறிக்கைகள் மாதிரியானவற்றுக்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர், பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர், தன் போக்கில் சேர்த்து வைத்த சேகரிப்பில் பிறந்தது அது. அவர் சேர்த்தவற்றில் கல்யாண அழைப்பிதழ்களும் உண்டு என்பது எனக்குப் பிடித்த செய்தி. இலங்கைத் தமிழர் என்றால் 2005ல் தொடங்கிய நூலகம் என்ற இணைய ஆவணகம் இருக்கிறது. நூல்களோடு வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறார்கள். 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம், ஒரே கட்டடத்தை நம்பி வைப்பதில்லை.

எங்கும் கொடுக்க மனமில்லை என்றால் நாலு வீட்டில் நாலு நகல் இருந்தால் சரி.

வேலை எப்போது முடியும்?

முடிந்துவிட்டது என்று நானும் நினைத்தேன். அப்பத்தா போன பிறகு, எழுதியதையெல்லாம் அச்செடுத்து அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். உப்புக் கதையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மூடியா? அது ஊருக்கு வந்து சேந்துச்சுடா. கோழிக்குஞ்சுக்குத் தண்ணி வைக்க எடுத்துட்டுப்போயி நான்தான் தொலைச்சேன். எனக்கு ஆறேழு வயசு இருக்கும். ஆத்தாகிட்டச் சொல்லவே இல்ல."

போனை எடுத்து, மின்விசிறியைக் குறைத்து, தேதியையும் இடத்தையும் சொல்லி, அத்தையை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.